நிலாவுக்குப் போட்ட பூட்டு

அத்தியாயம் 14

ரயில் டிக்கெட் இன்னும் காலண்டர் ஆணியில்தான் குத்தியிருந்தது.

வியாழக்கிழமை அப்பா அதை அங்கே குத்திய பிறகு வீட்டில் யாரும் தேதி கிழிக்கவில்லை. கிழிக்க வேண்டுமானால் டிக்கெட்டைக் கழற்ற வேண்டும். கழற்றியவர் அதைப் பற்றிப் பேச வேண்டும். அதனால் அந்த வீட்டில் இன்னும் வியாழக்கிழமையாகவே இருந்தது.

வெளியே சனிக்கிழமை. டிக்கெட் திங்கட்கிழமை காலை ஆறு நாற்பது ரயிலுக்கு. ஒரு ஆள். வயது பதினாறு. போகும் இடம் அத்தை வீடு. திரும்பி வருவதற்கு டிக்கெட் இல்லை.

"மார்க் குறைஞ்சுபோச்சு. யார்கிட்டயும் பேசுறதில்ல. சாயந்தரமானா அந்த ஹாலுக்கு ஓடிடுறா. அக்கா வீட்ல இருந்து படிச்சாத்தான் உருப்படுவா." அப்பா சொன்னது இவ்வளவுதான். யோசனை அவருடையது அல்ல, அத்தையுடையது. தாய் தகப்பன் இறந்த பிறகு பத்து வயதில் இருந்த அவரை வளர்த்து ஆளாக்கியவள் அத்தைதான். அவளிடம் 'இல்லை' என்று ஒரு சொல் அப்பா இதுவரை சொன்னது கிடையாது.

அம்மா இரண்டு நாள் மல்லுக்கு நின்று ஒன்றை மட்டும் வாங்கினாள். "ஒரே ஒரு தடவை வந்து பாருங்க. அவ அங்க என்ன பண்றான்னு பார்த்துட்டு அனுப்புங்க."

"பார்க்கிறேன். ஆனா டிக்கெட் டிக்கெட்தான்."

அந்த ஹாலில் இன்று மதியம் முழு ஒத்திகை. நாளை சாயந்தரம் நாடகம்.

வீட்டில் மகளுக்குப் பூனை என்று பெயர். வருவதும் தெரியாது, போவதும் தெரியாது. டம்ளர் கழுவிவிட்டு அம்மா திரும்பியபோது பின்னால் நின்றுகொண்டிருந்தாள்.

"ஒரு சத்தம் கொடுத்துட்டு வரக்கூடாதாடி? என் உசிரு ஒரு நாள் உன்னாலதான் போகப்போகுது."

"அப்பா நிஜமா வருவாராம்மா?"

"வர்றேன்னு சொல்லியிருக்காரு."

"நடுவுல போன் வந்தா?"

"வந்தா போவாரு. லிஃப்ட்ல மாட்டிக்கிட்டவங்கள அந்தரத்துல விட்டுட்டு உன் நாடகத்தையா பார்க்க முடியும்?"

அப்பா லிஃப்ட் மெக்கானிக். வீட்டில் உட்கார்ந்திருக்கும்போதும் பாதிக் காது போனில்தான் இருக்கும்.

பூனை தட்டில் இருந்ததைக் கிளறினாள். சாப்பிடவில்லை. எழுந்தாள், செருப்பைப் போட்டாள், கழற்றினாள், மறுபடி உட்கார்ந்தாள்.

"மேடைல உன்னத் தேடுவாரு. நீ அங்க என்ன வேலை பார்க்கிறன்னு நீயே வாயத் தொறந்து சொல்லிடேன்."

"சொல்ல வரலம்மா."

"எனக்கு மட்டும் எப்படிச் சொன்ன?"

"உனக்கும் சொல்லல. நீயா வந்து பார்த்துக்கிட்ட."

அது உண்மைதான்.

*

எட்டு மாதத்துக்கு முன்பு அம்மாதான் அவளை முதலில் அந்த ஹாலுக்கு அனுப்பினாள். அம்மாவுக்குக் கண்ணாடிக் கடையில் வேலை. பழுது பார்த்த ஒரு மூக்குக் கண்ணாடியை ஹாலில் இருக்கும் ஒரு பையனிடம் கொடுத்துவிட்டு வரச் சொன்னாள். பாடிக்கொண்டே மேடையிலிருந்து விழுந்து உடைத்த கண்ணாடி அது.

கொடுத்துவிட்டுப் பூனை திரும்பி வரவில்லை. கடைசி வரிசையில் உட்கார்ந்துவிட்டாள். மறுநாள் எந்தக் கண்ணாடியும் இல்லாமலே போனாள்.

பள்ளிக்கூடத்தில் சாப்பாட்டு வேளையில் சுவரைப் பார்த்து உட்கார்ந்து சாப்பிடுகிறவள் அவள். அங்கே மட்டும் சுவரைப் பார்க்கத் தோன்றவில்லை. ஒரு பிள்ளை தப்பாகப் பாடினால் பக்கத்துப் பிள்ளை சிரிக்காமல் தன் குரலைக் கொஞ்சம் தூக்கி அதைத் தாங்கிக்கொண்டது. வரி மறந்தவன் ஓடிப்போகவில்லை. நின்று மறுபடி பாடினான். இப்படி ஓர் இடம் இருக்கிறதென்று யாரும் அவளிடம் சொன்னதில்லை.

பிள்ளைகளின் நாடகக் குழுவை நடத்துகிறவள் தபால் நிலையத்தில் முத்திரை குத்தும் வேலையில் இருக்கும் ஒரு பெண். இருபத்தெட்டு வயது இருக்கும். எல்லோருக்கும் அவள் போஸ்டாபீஸ் அக்கா. மூன்றாம் வாரம் அவள் கடைசி வரிசைக்கு வந்து நின்றாள்.

"உன் உதடு அசையுது. யாரோட வரி சொல்ற?"

பூனை தலையைக் குனிந்துகொண்டாள்.

"எல்லாரோடதுமா?"

தலை லேசாக ஆடியது.

போஸ்டாபீஸ் அக்கா ஒரு நீளமான நோட்டை அவள் மடியில் வைத்துவிட்டுப் போனாள். அன்றிலிருந்து மேடையின் வலது ஓரம், திரைக்குப் பின்னால் இருந்த ஒற்றை ஸ்டூல் அவளுடையது. யார் எப்போது நுழைய வேண்டும், எந்த விளக்கு எப்போது அணைய வேண்டும், பாட்டு எந்த மூச்சில் தொடங்க வேண்டும், எல்லாம் அந்த நோட்டில். நேரம் வரும்போது ஒற்றைச் சொல்லை மெல்லச் சொல்வாள்: "இப்போ." முழு நாடகத்தில் நாற்பத்து மூன்று இடத்தில் அந்தச் சொல் வரும். பக்கத்தில் நிற்பவருக்கு மட்டும் கேட்கும். சபைக்குக் கேட்காது.

இருபத்தாறு பிள்ளைகள் அந்தச் சொல்லுக்காகக் காத்திருப்பார்கள். சின்னப் பிள்ளைகள் அவளுக்கு 'இப்போக்கா' என்றே பெயர் வைத்துவிட்டார்கள்.

இதை எப்படி அப்பாவிடம் சொல்வது?

*

நூலகத்தின் மாடியில் இருந்தது ஹால். பகலில் டேபிள் டென்னிஸ், சாயந்தரம் நாடகம்.

முழு ஒத்திகைக்கு அங்கே ஒரு வழக்கம் உண்டு. ஒவ்வொரு பிள்ளையும் வீட்டிலிருந்து ஒருவரையாவது கூட்டி வர வேண்டும். வருகிறவர் சும்மா உட்காரக் கூடாது. எந்த வீட்டு ஆளுக்கு என்ன வேலை என்று கதவருகே ஒரு பட்டியல் தொங்கும். எழுதுவது பூனை.

அப்பா இரண்டு மணிக்கு வந்தார். வேலைப் பையைத் தோளிலிருந்து இறக்காமலே பட்டியலைப் படித்தார்.

"நாற்காலி போடணுமா?"

"ஏன், போட மாட்டீங்களா?" என்றாள் அம்மா. அவளுக்குக் கிடைத்த வேலை அட்டை வீடுகளுக்குக் கைப்பிடி ஒட்டுவது. கால் நீட்டி உட்கார்ந்து ஒட்டிக்கொண்டிருந்தாள்.

அப்பா பையிலிருந்து டேப்பை எடுத்தார். ஒவ்வொரு வரிசைக்கும் நடுவே எழுபது சென்டிமீட்டர் அளந்து போட்டார். ஒரு நாற்காலியின் கால் ஆடியது. அதைத் தலைகீழாகக் கவிழ்த்துத் திருகு முடுக்கினார். கூட நாற்காலி போட்டுக்கொண்டிருந்த இன்னொரு பிள்ளையின் அப்பா தன் மனைவியிடம் முணுமுணுத்தார், "ஒத்திகைக்கே இப்படின்னா நாளைக்கு நாற்காலிக்குச் சான்றிதழ் கேட்பாரு போல."

இரண்டரைக்குத் தொடங்கினார்கள். நிலா விடுப்பில் போன ஊரைப் பற்றிய நாடகம். தெருவெல்லாம் விளக்கு, கடையெல்லாம் விளக்கு, தன்னை யாரும் அண்ணாந்து பார்ப்பதே இல்லை என்று நிலா விடுப்புக் கடிதம் எழுதி வைத்துவிட்டுப் போய்விடுகிறது. கடைசியில் ஊரே விளக்கை அணைத்துவிட்டுப் பாட, நிலா மெல்ல மேலே வர வேண்டும். பிள்ளைகளே எழுதியது.

நிலாவாக வருவது பட்டாணி. ஒன்பது வயது, குழுவில் மிகச் சிறியவள். ஊர்த்தலைவராக வருவது மைக். பதினேழு வயது. அவன் குரலுக்கு மைக் தேவைப்படாது என்பதால் அந்தப் பெயர். கண்ணாடியை உடைத்துக்கொண்டவனும் அவன்தான்.

அப்பா முதல் பாட்டு முழுக்க முகம் முகமாகத் தேடினார். இரண்டாம் பாட்டிலும் தேடினார்.

"எங்க அவ?"

"மேடைல இல்லைங்க. ஓரத்துல நிக்கிற வேலை அவளுக்கு."

"ஓரத்துலயா?"

"ம்."

"எட்டு மாசமா ஓரத்துல நிக்கவா இங்க வர்றா? அத வீட்லயே நல்லாப் பண்றாளே."

"கொஞ்சம் பொறுமையா உட்காருங்க."

அவரால் முடியவில்லை. காலை மாற்றிப் போட்டார். போனை எடுத்துப் பார்த்தார், வைத்தார். மூன்றாம் பாட்டு நடுவில் எழுந்துவிட்டார்.

"எங்க போறீங்க?"

"எந்த ஓரம்னு பார்த்துட்டு வர்றேன்."

அவர் போனது இடது ஓரம். பூனை இருந்தது வலது ஓரம். நடுவில் வெளிச்சமான மேடை. எதிர் ஓரத்துத் திரை அசைவதைப் பார்த்தாள். அப்பாவின் காக்கிச் சட்டை தெரிந்தது. அவளால் எழுந்து போக முடியாது. நோட்டில் அடுத்தடுத்து ஆறு இடம் குறித்திருந்தது.

இடது ஓரத்தில் அப்பா மகளைப் பார்க்கவில்லை. வேறொன்றைப் பார்த்தார்.

ஒரு விஞ்ச். கைப்பிடியைச் சுற்றினால் கயிறு சுற்றிக்கொள்ளும் இரும்புச் சக்கரம். மைக்கின் வீட்டுக்காரர்களுக்கு இரும்புச் சாமான் கடை. அங்கிருந்து அவன் கொண்டு வந்தது. கயிறு கூரை வரை போய் ஒரு கப்பியில் ஏறி இறங்கியது. நுனியில் ஒரு பலகை. பலகையில் வெள்ளிக் காகிதம் ஒட்டியிருந்தது.

"இது எதுக்கு?"

பக்கத்தில் வெள்ளிச் சட்டை போட்டுத் தன் முறைக்காகக் காத்திருந்த பட்டாணி நிமிர்ந்து பார்த்தாள். "எனக்கு, அங்கிள். நான் இதுல உட்கார்ந்து மேல போவேன். நான்தான் நிலா."

அப்பா அண்ணாந்து பார்த்தார். கப்பி மாட்டியிருந்தது மின்விசிறி மாட்டும் கொக்கியில்.

அதற்குப் பிறகு அவர் யோசிக்கவில்லை. இருபத்திரண்டு வருடமாக எதைச் செய்து பழகினாரோ அதைக் கை தானாகச் செய்தது. பழுது பார்க்கும்போது வேறு யாரும் லிஃப்டை ஓட்டிவிடாமல் போடும் சிவப்புப் பூட்டைப் பையிலிருந்து எடுத்தார். சங்கிலியைச் சக்கரத்துக்குள் விட்டு ஜன்னல் கம்பியோடு சேர்த்துப் பூட்டினார். அதோடு போடும் எச்சரிக்கை அட்டையைத் தொங்கவிட்டார். சாவியைச் சட்டைப் பையில் போட்டார்.

"பாப்பா, இதுல ஏறக்கூடாது. தெரியுதா?"

"சரிங்க அங்கிள்."

இடைவேளையில் அந்தப் போஸ்டாபீஸ் பெண்ணிடம் சொல்லிக்கொள்ளலாம் என்று நினைத்தார். அப்போது போன் அடித்தது. ஆறு மாடிக் கட்டடம். நாலாவதுக்கும் ஐந்தாவதுக்கும் நடுவில் இரண்டு பேர். ஒருவருக்கு மூச்சு வாங்குகிறதாம்.

பின்படியில் இறங்கி ஓடினார்.

*

"யாரு பூட்டுனது?" என்றாள் போஸ்டாபீஸ் அக்கா.

நாலு மணி. இடைவேளை முடிந்து கடைசிப் பாட்டுக்கு வந்திருந்தார்கள். விஞ்ச்சைச் சுற்றி எல்லோரும் கூடியிருந்தார்கள். மைக் அட்டையை உரக்கப் படித்தான். "ஆள் வேலையில் இருக்கிறார். இயக்காதே. சாவி என்னிடம்."

"என்னிடம்னா யாரிடம்?"

"காக்கிச் சட்டை அங்கிள்" என்றாள் பட்டாணி. "போன் வந்துச்சு, போயிட்டாரு."

எல்லோரும் பூனையைப் பார்த்தார்கள். அவள் முகம் காதுவரை சூடானது.

அம்மா போன் போட்டாள். அடித்துக்கொண்டே இருந்தது. "எடுக்க மாட்டாரு. லிஃப்ட் குழிக்குள்ள இறங்கினா போனைப் பைக்குள்ள வச்சிடுவாரு."

"எப்ப வருவாரு?"

"ஆளை இறக்கின பிறகு."

போஸ்டாபீஸ் அக்கா நெற்றியைத் தேய்த்தாள். "கடைசிப் பாட்டுதாம்மா முழு நாடகமே. அத இன்னைக்குப் பார்க்காம நாளைக்கு எப்படி மேடை ஏத்துறது?"

மைக் அதற்குள் படியில் இறங்கியிருந்தான். கடை இரண்டு தெரு தள்ளித்தான். பத்து நிமிடத்தில் மூச்சிரைக்கத் திரும்பி வந்தான். கையில் முழ நீளத்துக்கு, இரும்பை நறுக்கும் ஒரு போல்ட் கட்டர்.

"தள்ளுங்க எல்லாரும். ஒரே நறுக்கு."

விலகினார்கள். பூனை மட்டும் விலகவில்லை. எப்படி அங்கே வந்தாள் என்று யாருக்கும் தெரியாது. சக்கரத்துக்கும் அவனுக்கும் நடுவில் நின்றாள்.

"வெட்டாத."

"என்னது?"

"பூட்டை வெட்டக் கூடாது."

"உங்கப்பா பூட்டுன்னா என்ன, கோயில் உண்டியலா? நாளைக்கு வேற பூட்டு வாங்கித் தர்றேன். எங்க கடைல நூறு இருக்கு."

"போட்டவர்தான் திறக்கணும். வேற யாரும் தொடக்கூடாது."

"இப்ப அவரு வராட்டி நிலா வராது. நிலா வராட்டி நாடகம் கிடையாது. நாடகம் சரியா இல்லாட்டி திங்கட்கிழமை நீ ரயில் ஏறணும். நீதானே சொன்ன? உனக்காகத்தான் ஓடிப்போய் எடுத்துட்டு வந்தேன்."

அது அவளுக்கும் தெரியும். அப்பா திரும்பி வரும்போது ஒன்றுமே நடக்காத மேடையைப் பார்ப்பார். ஓரத்தில் நிற்கும் மகளைப் பார்ப்பார். டிக்கெட் டிக்கெட்தான்.

ஆனால் அப்பாவோடு வேலை பார்த்த ஒருவர் எப்போதாவது வீட்டுக்கு வருவார். டம்ளரை மிச்சமிருக்கும் மூன்று விரலால் பிடிப்பார். அவசரத்தில் யாரோ அவருடைய பூட்டை வெட்டி லிஃப்டை ஓட்டிவிட்டார்கள். அவர் கிளம்பிய பிறகு அப்பா அந்த டம்ளரை வெகுநேரம் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்.

"அவர் பூட்டினா காரணம் இருக்கும்" என்றாள். அண்ணாந்து பார்த்தாள். "அந்தக் கொக்கி ஃபேனுக்குப் போட்டது. ஆளுக்குப் போட்டதில்ல. பட்டாணி அதுல ஏறக் கூடாது."

பட்டாணியின் அம்மா மகளைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். மைக் கொக்கியைப் பார்த்தான். கட்டரைத் தரையில் வைத்தான். வைத்த சத்தம் ஹால் முழுக்கக் கேட்டது.

"சரி. அப்ப நிலா எப்படி மேல போகும்? நீயே சொல்லு."

இருபத்தாறு பேர் காத்திருந்தார்கள். 'இப்போ' என்ற சொல்லுக்குக் காத்திருப்பது போலவே.

அவளுக்கு ஆறு வயதில் அப்பா ஒரு புதுக் கட்டடத்தில் கண்ணாடி லிஃப்டில் ஏற்றிக்கொண்டு போனது நினைவுக்கு வந்தது. அவள் மூக்கைக் கண்ணாடியில் ஒட்டிக்கொண்டு, "அப்பா, ஏன் எல்லா வீடும் கீழ போகுது?" என்று கேட்டாள். அப்பா அன்று சிரித்த மாதிரி பிறகு சிரிக்கவில்லை.

"நிலா மேல போக வேண்டாம்" என்றாள் மெல்ல. "ஊர் கீழ போனாப் போதும்."

"கேட்கல, இப்போக்கா" என்றது ஒரு சின்னது.

"ஊர் கீழ போனாப் போதும்."

ஒரு நொடி யாருக்கும் புரியவில்லை. முதலில் புரிந்தது மைக்குக்கு.

"அட்டை வீடு" என்றான். "ரெண்டாம் பாட்டுல தூக்கிட்டு நிக்கிறோமே, அந்த அட்டை வீடு. தலைக்கு மேல பிடிச்சுக்கிட்டு நெருக்கமா நிப்போம். பின்னாடி பட்டாணி மறைஞ்சு நிக்கட்டும். நாங்க மெதுவா உட்கார்ந்தா..."

"எது மேல நிக்கிறது? நான் குள்ளம்" என்றாள் பட்டாணி.

போஸ்டாபீஸ் அக்கா சுவரோரம் மடித்து வைத்திருந்த டேபிள் டென்னிஸ் மேசையைப் பார்த்தாள். ஒரே நேரத்தில் எட்டுப் பேர் அதைத் தூக்க ஓடினார்கள்.

*

சொன்னது சுலபம். செய்வது பெரும்பாடாக இருந்தது.

முதல் தடவை எல்லோரும் தொப்பென்று உட்கார்ந்தார்கள். ஊர் கீழே போகவில்லை, இடிந்து விழுந்தது. இரண்டாம் தடவை இடப்பக்கம் இறங்கியது, வலப்பக்கம் நின்றது. மூன்றாம் தடவை முழங்கால் நடுங்கி ஒருவன் சரிந்தான், அவனோடு நாலு வீடு சரிந்தது.

"நேரா முன்னாடி பார்த்துக்கிட்டு நிக்கிறோம். பக்கத்துல இருக்கிறவன் இறங்கினானான்னு தெரியல" என்றான் மைக். "யாராவது சொல்லணும். பாட்டுக்கு மேல கேட்கிற மாதிரி."

"நீ சொல்லு. உனக்குத்தான் தொண்டை இருக்கே" என்றாள் போஸ்டாபீஸ் அக்கா.

"நான் வீட்டைப் பிடிச்சுக்கிட்டு நிக்கிறேன். எனக்கு எந்த மூச்சுல இறங்கணும்னு தெரியாது. இவளுக்குத்தான் தெரியும்."

பூனை நோட்டை நெஞ்சோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டாள்.

ஹாலின் நடுவில், நாற்காலிகளுக்கு முன்னால் நின்று சொல்ல வேண்டும். திரை இல்லை. ஸ்டூல் இல்லை. அம்மா ஒட்டுவதை நிறுத்திவிட்டாள்.

"விளக்கை அணைச்சிடுறேன்" என்றாள் அம்மா.

இருட்டில் கீபோர்டு தொடங்கியது. பிள்ளைகள் பாடினார்கள்.

விளக்கெல்லாம் அணைச்சாச்சு
வீதியெல்லாம் இருட்டாச்சு
விடுப்பு முடிஞ்சு வா நிலா
வேலைக்கு நேரமாச்சு

படியில் அப்பா ஏறி வந்துகொண்டிருந்தார். கையெல்லாம் கிரீஸ். லிஃப்டில் இருந்த இருவரையும் இறக்கி, தண்ணீர் கொடுத்து, மூச்சு சீராகும் வரை பக்கத்தில் நின்றுவிட்டு வருகிறார். பாதி வழியில்தான் பூட்டு நினைவுக்கு வந்திருந்தது. அதிலிருந்து ஓட்டமும் நடையுமாக வந்தார்.

கதவைத் தள்ளியதும் அந்தக் குரல் கேட்டது.

"முன் வரிசை, இப்போ."

பெரிய குரல் இல்லை. ஆனால் பாட்டுக்குள் எங்கே இடம் இருக்கிறதோ சரியாக அங்கே வந்து உட்கார்ந்தது. ஒரு வரிசைக் கூரைகள் மெல்ல, ஒரே நிதானத்தில், இறங்கின.

"நடு வரிசை, இப்போ."

மாடி வீடுகள் இறங்கின. அவற்றின் பின்னால் லேசாக ஒரு வெளிச்சம்.

"பின் வரிசை, இப்போ."

கூரைகளுக்கு மேலே வெள்ளி விளிம்பு தெரிந்தது. பிறகு நெற்றி. பிறகு முகம். பட்டாணி கையில் ஒரு டார்ச்சை முகத்தருகே பிடித்து, அசையாமல் நின்றாள். நின்ற இடத்திலேயே நின்றாள். ஆனால் மேலே வந்துகொண்டே இருந்தாள். ஒரு பக்கத்தில் மட்டும் ஒரு வீடு நிலாவைப் பாதி மறைத்துக்கொண்டு நின்றது.

"மைக், இப்போ."

அந்த வீடும் இறங்கியது. யாரோ சிரித்தார்கள். பாட்டு நிற்கவில்லை.

அப்பா கதவில் பிடித்த கையை எடுக்கவில்லை. அவர் எத்தனையோ ஆயிரம் தடவை மேலே போயிருக்கிறார், கீழே வந்திருக்கிறார். நகராத ஒன்று நகர்வதை ஒரே ஒரு தடவைதான் ஒருவர் அவரிடம் சொல்லியிருக்கிறார், கண்ணாடியில் மூக்கை ஒட்டிக்கொண்டு.

விளக்குச் சுவிட்ச் பக்கத்தில் அம்மா நின்றாள்.

"யாரு அது?" என்றார் அடிக்குரலில்.

"எது?"

"அந்தக் குரல்."

"பதினாறு வருஷமா நம்ம வீட்லதான் இருக்கு. உங்களுக்குத்தான் கேட்கல."

*

விஞ்ச்சின் அருகே தரையில் போல்ட் கட்டர் கிடந்தது. பூட்டில் ஒரு கீறல்கூட இல்லை. அப்பா இரண்டையும் மாறி மாறிப் பார்த்தார்.

"சொல்லாம பூட்டிட்டுப் போனது என் தப்பும்மா. மன்னிச்சிடுங்க."

"பரவாயில்லை சார். வெட்டத்தான் பார்த்தோம்" என்றாள் போஸ்டாபீஸ் அக்கா. "உங்க பொண்ணு குறுக்க நின்னுட்டா. போட்டவர்தான் திறக்கணும்னுட்டா."

அப்பா பூட்டைத் திறந்தார். சங்கிலியை உருவிப் பையில் போட்டார். கயிற்றையும் பலகையையும் தானே கழற்றி மைக் கையில் கொடுத்தார். "இது கடைக்கே போகட்டும். நிலா வந்த வழியே நல்லா இருக்கு."

பிறகு பூனையிடம் திரும்பினார். அவருக்கும் சொல்ல வரவில்லை. கிரீஸ் கையை எங்கே துடைப்பது என்று தெரியாமல் சட்டையிலேயே துடைத்தார்.

"கண்ணாடி லிஃப்டா?" என்றார்.

"ம்."

அவ்வளவுதான். அதற்குள் போன் அடித்தது.

போன் திரையில் பெயரைப் பார்த்ததும் அவர் முதுகு நிமிர்ந்தது. அத்தை.

"சொல்லுக்கா... ம்... ம்..."

அத்தை போனில் பேசினால் போன் தேவையில்லை. பக்கத்தில் நிற்பவருக்கெல்லாம் கேட்கும். "அறையை ஒழிச்சு வச்சுட்டேன். மேசையைச் சுவரைப் பார்த்துப் போட்டிருக்கேன், கவனம் சிதறாது. கணக்கு வாத்தியார்கிட்டப் பேசிட்டேன். காலைல நாலரைக்கு எழுப்பி விட்டுடுவேன். பாட்டு கூத்துன்னு என் வீட்ல யாரும் கிடையாது..."

சுவரைப் பார்த்து. பூனை கண்ணை மூடித் திறந்தாள்.

அம்மா குரலைத் தாழ்த்திச் சொன்னாள். "நீங்கதான் சரின்னு சொன்னீங்க. நீங்கதான் இல்லைன்னும் சொல்லணும். நான் சொன்னா எடுபடாது."

அப்பா வாயைத் திறந்தார். அத்தை நிறுத்தவில்லை. "ம்" என்றார். மறுபடி திறந்தார். அத்தை பாயைப் பற்றிப் பேசினாள், போர்வையைப் பற்றிப் பேசினாள். அப்பாவின் நெற்றியில் வியர்வை. கம்பி அறுந்த லிஃப்டில்கூட அவர் முகம் இப்படி ஆகியிருக்காது. எங்கே நுழைவது என்று அவருக்குத் தெரியவில்லை.

பூனைக்குத் தெரியும்.

அவள் அவருக்கு முன்னால் வந்து நின்றாள். தலையைச் சாய்த்துக் கேட்டாள். எல்லோருக்கும் ஒரு மூச்சு உண்டு. அத்தைக்கும் உண்டு. நீளமான வரி, இன்னொரு நீளமான வரி, பிறகு ஒரு சின்ன இழுப்பு. பூனை வலது கையை மேலே தூக்கினாள். அப்பா அந்தக் கையையே பார்த்தார்.

கை இறங்கியது.

"இப்போ."

"அக்கா, பாப்பா வரல" என்றார் அப்பா.

சொன்னதை அவர் திரும்ப எடுத்துக்கொள்ளவில்லை. "இங்கயே இருந்து படிக்கட்டும். அவளுக்கு இங்க வேலை இருக்கு."

அப்போதுதான் மறுமுனையில் ஒரு நீளமான ரயில் ஊதல் சத்தம் கேட்டது. பிறகு சக்கரங்கள்.

"என்னடா சொல்ற?" என்றாள் அத்தை. "பொண்ணு மூட்டை முடிச்சோட தனியா வரணுமேன்னு நானே கூட்டிட்டுப் போகலாம்னு கிளம்பிட்டேன். வண்டி எடுத்தாச்சு. காலைல அங்க இருப்பேன். நேர்ல வந்து பேசிக்கிறேன், உன்னையும் சேர்த்து."

போன் அணைந்தது.

அம்மா சுவரில் சாய்ந்தாள். அப்பா அணைந்த போனையே பார்த்தபடி பக்கத்தில் இருந்த நாற்காலியில் உட்கார்ந்தார். அவரே திருகு முடுக்கிய நாற்காலி. ஆடவில்லை.

பூனை கதவருகே போனாள். நாளைக்கான பட்டியல் பாதி எழுதியபடி தொங்கியது. பென்சிலை எடுத்து, கொஞ்ச நேரம் யோசித்து, கடைசியில் ஒரு வரி சேர்த்தாள்.

'அத்தை: ஹால் விளக்கு. நான் இப்போ என்று சொன்னதும் அணைக்க வேண்டும்.'